ஒரே மனைக்கு நாலு பார்ட்டி: வடசென்னையில் நிலம் பேசி முடிக்கும் வழி

வடசென்னையில் நல்ல மனை ஒன்று விலைக்கு வந்தால், அது விளம்பரத்தில் ஏறுவதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு தரகர் இன்னொரு தரகரிடம் சொல்வார், சாயங்காலத்துக்குள் நாலு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். காரணம் தெரிந்ததுதான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்திலிருந்தே கிளம்புகின்றன. வண்டலூரில் தொடங்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. கம்பெனிப் புகை, லாரி நெரிசல் என்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட இப்போது மாத்தூரிலும் புழலிலும் மனை தேடுகிறார்கள்.

போட்டி என்றதும் பலரும் விலையை ஏற்றுவதைத்தான் யோசிக்கிறார்கள். விற்கிறவரின் கவலையே வேறு. சொன்ன பணம் சொன்ன தேதியில் வருமா, நடுவில் ‘லீகல் சரியில்லை’ என்று கழற்றிக்கொள்வார்களா, பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்து ரேட்டைக் குறைக்கப் பார்ப்பார்களா என்பதுதான் அவர் மனதில் ஓடும். இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர், சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துச் சொல்லியும் மனையை வாங்கிவிட முடியும். அதற்கான வேலையைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

1. உச்ச விலையை வீட்டிலேயே எழுதி வையுங்கள்

பேச்சு சூடேறிய பிறகு கணக்குப் போட முடியாது. மனை பார்க்கக் கிளம்பும் முன்பே, ‘இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை’ என்ற எண் ஒரு தாளில் இருக்கட்டும். வீட்டில் யாரெல்லாம் பணம் போடுகிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். தரகர் கடைசி நேரத்தில் மாமனாருக்குப் போன் போட்டு ரேட்டை ஏற்றுவது இங்கே சகஜம்.

கணக்குக்காக ஓர் உதாரணம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. உங்களால் திரட்ட முடிந்தது, வங்கிக் கடனையும் சேர்த்து, 65 லட்சம். இது முழுவதும் நில விலைக்குப் போகாது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். தரகர் கமிஷன் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (2 கேட்பவர்களும் உண்டு, முதல் நாளே பேசிவிடுங்கள்). வக்கீல், அளவையர், கம்பி வேலி, பட்டா செலவுக்கு 50 ஆயிரம். இதையெல்லாம் கழித்தால் நிலத்துக்கு மிஞ்சுவது 58.63 லட்சம், சதுர அடிக்கு 4,886 ரூபாய். ‘5,000 ரேட், 60 லட்சம், நம்ம பட்ஜெட்டுக்குள்ளதான் வருது’ என்று நினைத்தவர் இங்கேயே நின்றுவிடுவார்.

இன்னொன்று: தீர்வையும் கட்டணமும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் இடையில் எது அதிகமோ அதன் மேல்தான். சில தெருக்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைத் தாண்டி நிற்கும். அப்படி இருந்தால் உச்ச விலை இன்னும் இறங்கும். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் குறைந்தால், அந்த வித்தியாசத்தை வருமான வரித் துறை உங்கள் வருமானமாகவே எடுத்துக்கொள்ளலாம். பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் தெருப் பெயரோ சர்வே எண்ணோ போட்டால் வழிகாட்டி மதிப்பு வந்துவிடும்.

கடன் வாங்குவதாக இருந்தால், மனை கிடைக்கும் முன்பே வங்கியில் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். காலி மனைக்கு வங்கிகள் வீட்டுக் கடனைப் போல் தாராளமாகக் கொடுப்பதில்லை. பத்திரச் செலவுக்குப் பொதுவாகக் கடன் கிடையாது, அது கையிலிருந்துதான் போக வேண்டும்.

2. விலை பேசும் முன்பே வில்லங்கம் பாருங்கள்

வழக்கமாக நடப்பது: விலையை முடித்து, டோக்கன் (சின்ன முன்பணம்) கொடுத்து, பிறகு வக்கீலைத் தேடுவார்கள். போட்டி உள்ள மனைக்கு இந்த வரிசை உதவாது. ஆவணங்களைப் பார்த்து முடித்தவர்தான் ‘முப்பது நாளில் பதிவு’ என்று தைரியமாகச் சொல்ல முடியும். மற்ற மூன்று பார்ட்டியும் ‘லீகல் பாத்துட்டுச் சொல்றோம்’ என்று நிற்கும் நேரத்தில் உங்கள் வார்த்தைக்குத் தனி எடை வரும்.

மனை பிடித்திருந்தால் அன்றைக்கே தரகரிடம் ஜெராக்ஸ் செட் கேளுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, லேஅவுட் வரைபடம். ‘டோக்கன் போட்டாத்தான் ஜெராக்ஸ்’ என்றால் சர்வே எண்ணும் பத்திர எண்ணும் மட்டுமாவது வாங்கிவிடுங்கள். அந்த இரண்டை வைத்தே அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பாதி வேலையை முடிக்கலாம். ரெஜிநெட்டில் ஈசி (வில்லங்கச் சான்று), வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டாவும் புல வரைபடமும், நகர அளவை முடிந்த இடமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் சர்வே எண்ணை வைத்து நிலப் பயன்பாடு. எல்லாம் தெளிவாக இருந்தால் மறுநாள் காலையில் வக்கீலிடம் கொடுங்கள். வக்கீலும் முன்கூட்டியே பேசி வைத்தவராக, இந்தப் பக்கத்துப் பத்திரங்களைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். தி.நகர் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வடசென்னை மூலப் பத்திரங்களின் சிக்கல் தனி.

முதல் சிக்கல் மாவட்டப் பெயர். மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-ல்தான். அதற்கு முன் திருவள்ளூர் மாவட்டம். 1997-க்கு முன்பு திருவள்ளூர் மாவட்டமே கிடையாது, எல்லாம் செங்கல்பட்டு. அதனால் ஒரே மனையின் பத்திரங்களில் மூன்று மாவட்டப் பெயர் இருக்கும். சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் மட்டும் ஈசி போட்டு ‘நில்’ (வில்லங்கம் எதுவும் இல்லை) என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. பழைய பத்திரம் எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தின் பெயரிலும் போட வேண்டும். 1975-க்கு முந்தியதை நேரில் மனு போட்டுத் தேடச் சொல்வதே நல்லது.

இரண்டாவது, நில உச்சவரம்பு. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1978-ல் வந்து 1999-ல் ரத்தானது. ஆனால் அதற்குள் அரசு சுவாதீனம் எடுத்துவிட்ட நிலம் அரசுடையதுதான். பெரிய வயல்களாக இருந்து பின்னால் மனைகளாகப் பிரிந்த இடங்களில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. ஈசியில் இது தெரியாமல் போகலாம். வக்கீலிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மூன்றாவது, லேஅவுட். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. ‘வரன்முறை ஆயிடுச்சு சார்’ என்று தரகர் சொன்னால், லேஅவுட்டுக்கு மட்டும் ஆனதா, இந்தக் குறிப்பிட்ட மனைக்கும் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும். புதிய லேஅவுட் என்றால் சி.எம்.டி.ஏ. அனுமதி எண்ணோடு ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் பாருங்கள்.

மாத்தூர் எம்.எம்.டி.ஏ., மணலி புதுநகர் போன்ற இடங்கள் அரசே உருவாக்கி ஒதுக்கீடு செய்த மனைகள். அங்கே ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வைத்துக்கொண்டு விற்கிறவர்களும் உண்டு. தவணை எல்லாம் கட்டி முடித்து, சி.எம்.டி.ஏ.விடமிருந்து கிரயப் பத்திரம் வாங்கியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. வாங்காதவருடன் விலை பேசுவதே நேர விரயம். கோயில் நிலம், வக்ஃபு, புறம்போக்கு, நீர்நிலை ஆகியவற்றுக்கும் அப்படியே, எவ்வளவு மலிவாக வந்தாலும்.

காகிதம் முடிந்தால் பூமி. மணலியில் அபாயகரத் தொழில் மண்டலமாகக் குறிக்கப்பட்ட இடங்கள் இருக்கின்றன, செங்குன்றம் பக்கம் புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியது என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மூன்றிலும் பத்திரம் சுத்தமாகவே இருக்கும், வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் மாட்டும். 2021 நவம்பரில் கொசஸ்தலையாற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. மனைக்கு எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்த வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ரோடு மனையைவிட உயரமாக இருந்தால் மண் அடிக்கும் செலவையும் உச்ச விலையிலிருந்து கழியுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது பல பத்தாண்டு காலச் சங்கதி. அக்கம்பக்கத்து போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. உண்மையான ரேட்டைக் கண்டுபிடியுங்கள்

தரகர் சொல்வது கேட்கும் விலை. அந்தத் தெருவில் முடிந்த விலை வேறாக இருக்கும். பக்கத்து மனைகளின் சர்வே எண்ணுக்கு ஈசி போட்டால், ‘கைமாற்றுத் தொகை’ (பத்திரத்தில் காட்டிய விலை), ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு எண்கள் வரும். கடந்த ஓரிரு வருடத்தில் பதிவான கிரயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கைமாறியது இதில் வராது, அதனால் இதை அடிமட்ட ரேட் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘என்ன ரேட்டுக்கு சார் எடுத்தீங்க?’ என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ சொன்னாலும் அந்தத் தெருவின் போக்கு புரியும்.

ரேட் ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். ஒருவர் கிரவுண்டுக்குச் சொல்வார், ஒருவர் சென்டுக்கு. கிரவுண்டு 2,400 சதுர அடி, சென்ட் 435.6. பொன்னேரிப் பக்கம் சென்ட் கணக்கு அதிகம், நகரத்துக்குள் சதுர அடிதான். மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம் என்பதற்காக ஒருவர் கூடக் கேட்டால், நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். வரைபடத்தில் நேர்கோட்டில் அரை கிலோமீட்டராக இருப்பது, நடுவில் ரயில்வே லைனோ பக்கிங்காம் கால்வாயோ வந்தால் இரண்டு கிலோமீட்டராகிவிடும்.

4. விற்கிறவருக்கு என்ன தேவை?

பெண் கல்யாணத்துக்காக விற்கிறவருக்குத் தை பிறக்கும் முன் பணம் வேண்டும். அண்ணன் தம்பி பாகத்துக்காக விற்கிறவர்களுக்கு நாலு பேர் கணக்கிலும் ஒரே நாளில் பணம் ஏற வேண்டும், யாருக்கு முதலில் என்று சண்டை வரக் கூடாது. பழைய ஓட்டு வீட்டோடு இடத்தை விற்கும் பெரியவருக்கு வேறு வீடு பார்த்துப் போக ஆறு மாதம் வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மாதிரி ஆஃபர் வைத்தால், விலையில் வைக்கும் ஐம்பதாயிரத்தைவிட அது கனமாக விழும்.

ஆகவே கடைசி விலை சொல்வதற்கு முன் விற்கிறவரை நேரில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். தரகரைத் தாண்டிப் போகாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். அவரைச் சுற்றிக்கொண்டு போனது தெரிந்தால் அந்த ஏரியாவில் அடுத்த மனை உங்கள் காதுக்கே வராது. வீட்டில் ஒரு பெரியவரை அழைத்துப் போவது இன்றைக்கும் நல்ல பலன் தரும்.

அந்தச் சந்திப்பில் இன்னொரு வேலையும் இருக்கிறது. வாரிசுகள் எத்தனை பேர், சகோதரிகள் எங்கே இருக்கிறார்கள், எல்லோரும் கையெழுத்துக்கு வருவார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மகள்களுக்கும் பங்குள்ள சொத்தில் ‘தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டாச்சு’ என்ற பதில் சட்டத்துக்கு உதவாது. பவர் ஏஜென்ட் (உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கியவர்) விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவரைப் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேசுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக அதோடு முடிந்தது. விற்கிறவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வரிப் பிடித்தம் மிக அதிகம், நடைமுறையும் வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் பதிவுத் தேதி சொல்லிவிடாதீர்கள்.

5. அந்த இன்னொரு பார்ட்டி நிஜமா?

‘சார், இன்னொரு பார்ட்டி நாளைக்குக் காலைல டோக்கன் குடுக்க ரெடியா இருக்காங்க.’ இதைக் கேட்காமல் சென்னையில் யாரும் மனை வாங்கியதில்லை. சில நேரம் உண்மை, சில நேரம் தரகரின் கற்பனை. கோபப்படாமல், ‘சரிண்ணே, நல்லது. அவங்க லீகல் பாத்துட்டாங்களா? லோனா, கேஷா?’ என்று கேளுங்கள். நிஜமான பார்ட்டிக்கு விவரம் இருக்கும்: பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் ரிடையர் ஆனவர், பேங்க் லோன் இல்லை என்று வரும். கற்பனைப் பார்ட்டிக்கு ரேட்டைத் தவிர வேறெதுவும் இருக்காது.

இன்னொரு சோதனை ஈசி. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2012 டிசம்பரிலிருந்து இருக்கிறது. யாராவது ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தால் ஈசியில் காட்டும். பழைய ஒப்பந்தம் ஒன்று ரத்துப் பத்திரம் இல்லாமல் அப்படியே நின்றால், ‘அது எப்பவோ முடிஞ்சுபோச்சு’ என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். ரத்து செய்து பதிவு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

போட்டி எப்போது கம்மி என்றும் யோசியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் முடிக்கப் பலர் தயங்குவார்கள், மனை பார்க்கவே வர மாட்டார்கள். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவசரத் தேவையுள்ள விற்பனையாளருக்கு நீங்கள்தான் ஒரே பார்ட்டி. நம்பிக்கை இருந்தாலும் ஆடியில் விலையைப் பேசி வைத்து ஆவணியில் பதிவு போடலாம்.

6. ஆஃபர் வைப்பது

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தரகர் வழியாகப் போகும் வாய்வார்த்தை விற்கிறவர் காதுக்குப் போய்ச் சேரும்போது வேறு எண்ணாக இருக்கும். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும், தரகருக்கும் விற்கிறவருக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். மேலே சொன்ன உதாரண மனைக்கு 5,000 கேட்கிறார்கள் என்றால், இப்படி:

‘ஐயா வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிய மனை விஷயமாக. அளந்து வரும் சதுர அடிக்கு 4,700 ரூபாய் தருகிறோம். பத்திர நகல்களை வக்கீல் பார்த்து முடித்துவிட்டார், கடன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் பதிவாகும் அன்று 20 சதவீதம், அதிலிருந்து 30 நாளில் முழுப் பணமும் வங்கி வழியாக. உங்களுக்கு இடத்தைக் காலி செய்ய நாள் வேண்டுமென்றால் பதிவுக்குப் பிறகு மூன்று மாதம் இருந்துகொள்ளலாம், வாடகை வேண்டாம். அடுத்த ஞாயிறு வரை இந்த விலை.’

இதில் ‘அளந்து வரும்’ என்ற இரண்டு வார்த்தைக்குப் பெரிய வேலை இருக்கிறது. பத்திரத்தில் 1,200 என்றிருக்கும், பட்டாவில் 1,170 இருக்கும், கயிறு பிடித்தால் 1,140 வரும். பழைய பத்திரங்களில் இது சர்வ சாதாரணம். மொத்த விலையாகப் பேசினால் அந்த 60 சதுர அடிக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். 4,700 ரூபாய் ரேட்டில் அது 2.82 லட்சம்.

கடைசி வரியில் இருக்கும் கெடு முக்கியம். கெடு இல்லாத ஆஃபரைக் காட்டித்தான் மற்ற மூன்று பேரிடமும் விலை ஏற்றுவார்கள்.

7. ஏற்றிக் கேட்டால்

ஒருமுறை ஏற்றலாம், இரண்டு முறையும் ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு ஏற்றமும் முந்தியதைவிடச் சின்னதாக இருக்கட்டும்: 4,700, பிறகு 4,800, பிறகு 4,850. படி சிறுத்துக்கொண்டே வந்தால் உங்கள் உச்சம் நெருங்குகிறது என்று எதிர்ப்பக்கத்துக்குத் தானாகவே புரியும். சும்மாவும் ஏற்றாதீர்கள். ‘ஐம்பது ரூபாய் கூட்டித் தர்றோம், பட்டா பெயர் மாற்றத்தை நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க’ என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சதுர அடிக்கு 50 ரூபாய் என்பது 1,200 சதுர அடிக்கு 60 ஆயிரம், தீர்வையும் கமிஷனும் சேர்த்தால் 66 ஆயிரம். பேச்சில் ஐம்பது ரூபாயாகத்தான் கேட்கும்.

‘அவங்க என்ன சொன்னாலும் அதுக்கு மேல நூறு ரூபா’ என்று மட்டும் சொல்லவே கூடாது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு உங்களிடம் எந்தச் சாட்சியும் கிடையாது. ஏலத்தை எதிர்ப்பக்கத்தின் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் அது.

சில விற்பனையாளர்கள், ‘எல்லாரும் ஃபைனல் ரேட்டை ஒரே தடவை சொல்லிடுங்க, நாங்க முடிவு பண்ணிக்கிறோம்’ என்பார்கள். இதுதான் நியாயமான முறையும்கூட. அப்போது முழு எண்ணில் நிற்காதீர்கள். பெரும்பாலோர் 4,800 அல்லது 4,850-ல் நிறுத்துவார்கள். உங்கள் உச்சம் 4,886 என்றால் 4,885 எழுதுங்கள். அதுவும் போதவில்லை என்றால் அந்த மனை உங்கள் கணக்குக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

8. டோக்கனும் ஒப்பந்தமும்

விலை ஒத்துக்கொண்ட அன்றே சின்னத் தொகை ஒன்றை டோக்கனாகக் கொடுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரூபாய் நாணயம் எல்லாம் இருக்கட்டும், பணம் மட்டும் வங்கி வழியாகப் போகட்டும். கையில் ஒரு ரசீது வேண்டும்: மனை விவரம், ரேட், அளவுக்கு உட்பட்டது என்ற குறிப்பு, ஒப்பந்தம் போடும் தேதி, உரிமையில் குறை தெரிந்தால் டோக்கன் முழுவதும் திரும்பும் என்ற வரி. எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டால் நல்லது, குறைந்தபட்சம் முடிவெடுப்பவர் போட வேண்டும்.

டோக்கன் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. நாலாவது நாள் வேறொருவர் கூடுதலாகச் சொன்னால் டோக்கனைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அதைத் தடுப்பது பதிவு செய்த கிரய ஒப்பந்தம்தான். அது ஈசியில் ஏறிவிடுவதால் அடுத்து வரும் பார்ட்டியின் வக்கீல் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார். டோக்கனுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

பெரிய முன்பணம் கொடுக்கும் முன் மூலப் பத்திரங்களை நகலாக இல்லாமல் அசலாகவே பாருங்கள். ஈசி சுத்தமாக இருந்தும் அசல் ஏதாவது கடன்காரரிடம் அடகில் இருக்கலாம். அளவையரை வைத்து நாலு மூலையும் அளந்து கல் நடுங்கள். ஒப்பந்தத்தில் அந்த அளவு, விலை, முன்பணம், கெடு தேதி, எந்தப் பக்கம் தவறினால் என்ன என்பதெல்லாம் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் வக்கீல் பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுப்பார். அதற்கு ஆகும் நாட்களையும் கெடுவுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகும் விற்கிறவர் இழுத்தடித்தால், உங்கள் பணம் தயாராக இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்: வங்கி இருப்பு, கடன் கடிதம், ‘பதிவுக்கு வாருங்கள்’ என்று அனுப்பிய நோட்டீஸ். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட கெடு தேதியிலிருந்து மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது, ஆனால் கோர்ட் முதலில் கேட்பது நீங்கள் தயாராக இருந்தீர்களா என்றுதான்.

9. ‘கொஞ்சம் பிளாக்ல குடுங்க’

போட்டி சூடான இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ‘பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம், உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்தானே’ என்பார்கள். நிலப் பரிவர்த்தனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினவருக்கு அதே அளவு அபராதம். உங்களுக்கும் நஷ்டம்தான்: கொடுத்த ரொக்கத்துக்குக் கணக்கு இல்லை, வழக்கு வந்தால் அந்தப் பணத்தை நிரூபிக்க முடியாது, பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து லாபத்துக்குக் கூடுதல் வரி. வங்கிக் கடனும் பத்திர விலையை வைத்துத்தான். ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளரிடம் முழுதும் வங்கி வழியே வாங்கிக்கொள்ளச் சொல்லி, அதற்காகக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது என் கணக்கில் மலிவு.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்து விற்கிறவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இது விலைக்குள்ளேயே வருவது, கூடுதல் செலவு இல்லை. ஆனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு மேஜையில் போய்ச் சொன்னால் ‘ஐம்பத்தெட்டாயிரம் குறையுதே’ என்று அங்கேயே சண்டை.

10. வங்கி ஏலத்தில் வரும் மனை

கடன் கட்டாத சொத்துகளை வங்கிகள் ஆன்லைனில் ஏலம் விடுகின்றன. இங்கே போட்டி கண்ணுக்குத் தெரியும், தரகரின் கற்பனைக்கு இடமில்லை. அதற்குப் பதில் நேரம் கறாரானது. முன்வைப்புத் தொகை கட்டித்தான் கலந்துகொள்ள முடியும். ஜெயித்தால் அன்றோ அடுத்த வேலை நாளிலோ, அந்தத் தொகையையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம் விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டால் மட்டும் கெடு நீளும், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. கட்டத் தவறினால் கட்டியது போயிற்று. ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்பதால் குடியிருப்பவர், மின்சாரப் பாக்கி, சொத்து வரிப் பாக்கி, வழக்கு எல்லாமே உங்கள் தலையில்தான் விழும். மனை யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் ஏலத்தில் உட்காராதீர்கள்.

11. பதிவு நாள் வரை

தீர்வைப் பணம், பதிவு அலுவலகத்தின் வரிசை டோக்கன் எண், வரைவுப் பத்திரம் மூன்றையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சுபமுகூர்த்த நாட்களில் பதிவுத் துறை கூடுதல் டோக்கன் திறந்தாலும் கூட்டம் தாங்காது. அஷ்டமி நவமி பார்க்கிற விற்பனையாளராக இருந்தால் தேதியை அவரிடமே கேட்டுவிடுங்கள். காலையில் ஒருமுறை மறுபடி ஈசி பாருங்கள், இடையில் ஏதாவது ஏறியிருக்கக் கூடும். கையெழுத்து முடிந்த பிறகுதான் கடைசிப் பணம் கைமாற வேண்டும், அசல் பத்திரங்களும் அப்போதே உங்கள் கைக்கு வர வேண்டும்.

போட்டியில் தோற்றுப்போனால் தரகரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். ‘அவங்க பின்வாங்கினா ஒரு போன் போடுங்கண்ணே, எங்க ரேட் அப்படியேதான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூட்டிச் சொல்லி ஜெயித்தவருக்குக் கடன் கிடைக்காமல் போவதும், அவர் வக்கீல் தாமதமாகக் குறை கண்டுபிடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்த சர்வே எண்ணுக்கு ஈசி போட்டுப் பாருங்கள். கிரயம் இன்னும் பதிவாகாமல் இருந்தால் மனை கைமாறவில்லை என்று அர்த்தம். விற்கிறவர் பணத்துக்குக் காத்துக்கொண்டிருப்பார், உங்களிடம் லீகல் பார்த்து முடித்த ஃபைல் அப்படியே இருக்கும்.